எல்டரை அணுகுவது எப்படி? கனடாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் குடியுரிமை எடுக்கும் நாளில் நாம் சொல்லும் உறுதிமொழி 2021 ஜூனில் மாறியது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மேட்டி ஆகிய பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அரசியலமைப்பு ஏற்று உறுதிசெய்கிறது என்ற வரி அதில் சேர்ந்தது. அது தானாக வந்த மாற்றம் இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் நம்மைப் போல வந்து குடியேறியவர்களைப் பற்றியவை. புதியவர்களுக்குக் கொடுக்கும் தகவல் தொகுப்பும் குடியுரிமைத் தேர்வும் பூர்வகுடிகளின் வரலாற்றை உள்ளபடி சொல்ல வேண்டும் என்றது 93ஆவது. உறுதிமொழியை மாற்றச் சொன்னது 94ஆவது.

சரி, உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நடைமுறைக் கேள்விகள் வருகின்றன. பிள்ளையின் பள்ளிக்கூட நிகழ்ச்சியை ஓர் எல்டர், அதாவது பூர்வகுடிச் சமூகம் வழிகாட்டியாக மதிக்கும் ஒருவர், தொடங்கிவைக்கிறார். அவர் முன் எப்படி நடந்துகொள்வது? வேலையிடத்தில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தினமான செப்டம்பர் 30க்கு ஒருவரை அழைத்துவரும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது, யாரைக் கேட்பது? நம் சங்கம் தன் ஆண்டு விழாவில் இந்த மண்ணுக்குரிய மக்களை மரியாதை செய்ய நினைக்கிறது, என்ன கொண்டுபோவது? தெரியாமல் பலர் தயங்கி ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் எடுத்த எடுப்பில் ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருக்கிறார்கள். இரு சாராருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் பூர்வகுடி மக்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர். 600க்கும் மேற்பட்ட ஃபர்ஸ்ட் நேஷன் சமூகங்கள், 70க்கும் மேற்பட்ட மொழிகள். ஓரிடத்தில் முறையானது இன்னோரிடத்தில் பொருந்தாது. கீழே சொல்பவை பெரும்பாலும் தெற்கு ஒன்ராறியோவிலும் சமவெளி மாகாணங்களிலும் நடைமுறையில் உள்ளவை. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: யார் இவர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்டர் என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடுகிறோம். வயது மட்டும் ஒருவரை எல்டர் ஆக்குவதில்லை. 80 வயதானவர் எல்லோரும் எல்டர் இல்லை. ஒப்பீட்டில் இளையவர் ஒருவரைச் சமூகம் எல்டராக ஏற்றிருக்கலாம். வாழ்ந்த விதம், கற்ற பாடம், பிறருக்குச் செய்த பணி ஆகியவற்றைப் பார்த்துச் சமூகமே அந்த இடத்தைக் கொடுக்கிறது. தன்னைத்தானே எல்டர் என்று சொல்லிக்கொள்ளப் பலர் கூச்சப்படுவார்கள்.

மரபறிவுக் காப்பாளர், அதாவது நிகழ்ச்சிகளில் நாலெட்ஜ் கீப்பர் என்று அறிமுகப்படுத்தப்படுபவர், குறிப்பிட்ட ஓர் அறிவை மூத்தவர்களிடம் பல ஆண்டுகள் இருந்து கற்று, அதைக் காத்துக் கைமாற்றும் பொறுப்பை ஏற்றவர். ஒருவருக்கு மூலிகைகள், ஒருவருக்குப் பாட்டும் முழவும், ஒருவருக்கு வாம்பம் எனும் சிப்பிமணிப் பட்டைகளில் பொதிந்திருக்கும் உடன்படிக்கைகள், இன்னொருவருக்குக் கடற்பனியின் போக்கு. முப்பது வயதுக்காரர் ஒருவர் மதிக்கத்தக்க காப்பாளராக இருக்கலாம். இரண்டு இடங்களையும் ஒருவரே வகிப்பதும் உண்டு. எல்லாம் தெரிந்த ஒருவரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மூலிகை தெரிந்தவரிடம் ஒப்பந்த வரலாற்றைக் கேட்டால், "அதை நான் சொல்லக்கூடாது, இன்னாரைக் கேளுங்கள்" என்றுதான் பதில் வரும். எதைத் தான் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதிலை ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பொறுப்புகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. பூர்வகுடிகளுக்கென்று கனடிய அரசு இயற்றிய இந்தியன் சட்டத்தின்படி தேர்தலில் வெல்பவர், ஊர் நிர்வாக சபையான பேண்ட் கவுன்சிலின் தலைவர். மரபுவழித் தலைவர்கள் வேறு. இரோக்வா என்றும் அழைக்கப்படும் ஹோடனொஷோனி மக்களிடையே குலத்தாய்கள் தலைவர்களைத் தெரிவு செய்கிறார்கள். கடமை தவறினால் நீக்குவதும் அவர்களே. சடங்கில் நெருப்பைக் காப்பவர், எல்டருக்கு உதவியாளராக வருபவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

நமக்குத் தெரிவது மேடையில் அவர்கள் பேசும் ஐந்து நிமிடம்தான். சமூகத்துக்குள் அவர்களுக்கு ஓயாத வேலை. பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். இழவு வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தகராறு தீர்க்கிறார்கள். எந்தப் பருவத்தில் எதைப் பறிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று இளையவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். கேட்கும் நோயாளிகளோடு மருத்துவமனையில் இருக்கிறார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் கிளாடூ வழக்கில் தீர்ப்புச் சொன்னபின், பூர்வகுடி ஒருவருக்குத் தண்டனை விதிக்கும்போது அவருடைய பின்னணியை நீதிமன்றம் கணக்கில் எடுத்தாக வேண்டும். தண்டனையைப் பற்றிப் பேச வட்டமாக உட்காரும் இடங்களில் எல்டர்களும் இருக்கிறார்கள்.

இந்த அறிவின் எடை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது லூயி கமூக்காக்கின் கதை. நூனவூட்டின் ஜோவா ஹேவன் என்ற ஊரைச் சேர்ந்த இனுயிட். 1845இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் 129 பேரோடு ஆர்க்டிக்குக்குள் போன எரெபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் காணாமல் போயின. கப்பல்களையும் பசியால் மடிந்த மனிதர்களையும் இனுயிட் மக்கள் பார்த்திருந்தார்கள்; தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவந்தார்கள். 1854இல் அந்தச் செய்தி இங்கிலாந்துக்குப் போனபோது அங்கே பலர் அதை ஏற்க மறுத்தார்கள். கமூக்காக் சிறுவனாக இருந்தபோது அவருடைய பூட்டி ஹும்மஹுக் சொன்ன கதையில் ஆரம்பித்து, பெரியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டு, இடப்பெயர்களையும் நினைவுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். எரெபஸ் 2014இல் கிடைத்தது. அது கிடந்த கடற்பகுதி இனுயிட் வாய்மொழி சொல்லிவந்த பகுதியேதான். 2016இல் டெரர் கிடைத்ததற்கும் அதே ஊர்க்காரரான சாமி கோக்விக் கொடுத்த தகவல்தான் வழிகாட்டியது. 160 ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாய்மொழி பிசகாமல் நின்றது. கமூக்காக் 2018இல் காலமானார்.

இரண்டாவது கதை நீதிமன்றத்தில் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டென் மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தொடுத்த டெல்காமூக் வழக்கின் விசாரணை 1987இல் தொடங்கியது. கிட்க்சான் எல்டர் மேரி ஜான்சன் சாட்சிக் கூண்டில் நின்று தன் குலக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் ஓர் ஒப்பாரிப் பாடல் வரும் இடத்தில் அதைப் பாட வேண்டும் என்றார். அவருடைய மக்களுக்கு அந்தப் பாட்டே நில உரிமையின் அத்தாட்சி. நீதிபதிக்கோ அது விளங்கவில்லை. பாட்டை எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். தனக்கு இசை கேட்கும் காது கிடையாது என்றும் சொன்னார். மேரி ஜான்சன் பாடினார். 1991 தீர்ப்பில் அந்த வாய்மொழிச் சான்றுகளுக்கு உரிய எடை தரப்படவில்லை. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது: வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. இன்று கனடாவில் நடக்கும் நில உரிமை வழக்குகள் எல்லாம் அந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் நடக்கின்றன. மேரி ஜான்சனும் அவரோடு சாட்சி சொன்னவர்களும் இல்லாவிட்டால் அது வந்திருக்காது.

இரண்டாம் படி: எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

எல்டரைத் தேடும் முன் இதைச் செய்துவிடுங்கள். நீங்கள் வாழும் இடம் யாருடையது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்று தெரியாமல் போய் நின்றால், பேச்சு முதல் நிமிடத்திலேயே மேம்போக்காகிவிடும்.

ரொறன்ரோ நகரம் மிசிசாகாஸ் ஆஃப் த கிரெடிட் மக்களோடு செய்த 13ஆம் ஒப்பந்தத்தின் கீழும், 1923இல் ஏழு ஃபர்ஸ்ட் நேஷன்களோடு செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்களின் கீழும் வருகிறது. பிராம்டனில் இருப்பவர்களுக்கு 1818இன் அஜிட்டன்ஸ் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தங்களைப் பழைய தாள்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வில்லியம்ஸ் ஒப்பந்தங்களில் நியாயமான இழப்பீடும் கிடைக்கவில்லை, வேட்டை, மீன்பிடி உரிமைகளும் பறிபோயின என்ற வழக்கு 2018இல்தான் 111 கோடி டொலருக்குத் தீர்ந்தது. வன்கூவரில் இருந்தால் நிலைமையே வேறு: மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லெய்ல்-வாட்டூத் மக்கள் அந்த நிலத்தை எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் முகவரியைப் போட்டுப் பார்க்க நேட்டிவ் லேண்ட் என்ற இணைய வரைபடம் இருக்கிறது. ஆரம்பத்துக்கு அது போதும்; ஆனால் எல்லைக்கோடுகளை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தந்த நேஷனின் சொந்த இணையதளத்தில் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பதே சரி.

ஸ்காபரோவில் இருப்பவர்கள் ஒருமுறை டேபர் ஹில் பூங்காவுக்குப் போய்வாருங்கள். 1956இல் மண்ணை வெட்டியபோது, வெண்டாட் மக்களின் கூட்டுப் புதைமேடு ஒன்று வெளிப்பட்டது. 500க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அங்கே இருந்தன. சுற்றிலும் வீடுகள், நடுவில் அந்த மேடு. அது இடுகாடு என்பதால் அதன்மேல் ஏறி விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மூன்றாம் படி: சில விஷயங்கள் ஏன் உங்களுக்குச் சொல்லப்படாது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தச் சடங்குகள் கனடாவில் சட்டப்படி குற்றமாக இருந்தன. 1884இல் இந்தியன் சட்டத்தைத் திருத்தி, மேற்குக் கரை மக்கள் கூடிப் பரிசுகளை வாரி வழங்கும் பொட்லாட்ச் விழாவைத் தடைசெய்தார்கள். பிறகு தடை சமவெளி மக்களின் சூரிய நடனம்வரை நீண்டது. 1951 வரை அது சட்டத்தில் இருந்தது. 1921 டிசம்பரில் அலர்ட் பேவுக்கு அருகே ஒரு தீவில் நடந்த பெரிய பொட்லாட்சுக்காகப் பலரைக் கைது செய்தார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசினார்கள். ஒப்படைக்காதவர்கள் சிறைக்குப் போனார்கள். பறிபோன பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதியைப் போராடித் திரும்பப் பெற்று, அவற்றுக்காகவே 1980இல் அலர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள்.

இன்னொரு பக்கம் உறைவிடப் பள்ளிகள். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து அங்கே அடைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. 1990களின் பிற்பகுதியில்தான் கடைசிப் பள்ளி மூடியது. பாட்டியிடம் கற்க வேண்டிய வயதில் பேரப்பிள்ளை ஊரில் இல்லை. அப்படியிருந்தும் இந்த அறிவு இன்றுவரை வந்திருக்கிறது என்றால், யாரோ ஒளித்து வைத்து, இரவில் சொல்லிக் கொடுத்து, ஆபத்தைத் தாங்கிக் காப்பாற்றினார்கள் என்றுதான் அர்த்தம். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் எல்டரே அப்படியொரு பள்ளியில் படித்தவராக இருக்கலாம்.

ஆகவே "இதை வெளியில் சொல்வதில்லை" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். பள்ளி அனுபவங்களை நீங்களாகக் கிளறவே வேண்டாம். அவர் சொல்ல நினைத்தால் சொல்வார்.

நான்காம் படி: எல்லோருக்கும் திறந்த இடங்களுக்கு முதலில் போங்கள்

ஒருவரை அழைப்பதற்கு முன் அவர்கள் அழைக்கும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். கனடா முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட நட்புறவு மையங்கள், அதாவது ஃபிரெண்ட்ஷிப் சென்டர்கள், இருக்கின்றன. ரொறன்ரோவில் ஸ்படைனா வீதியில் 1962இல் தொடங்கிய நேட்டிவ் கனேடியன் சென்டர் இருக்கிறது. இத்தகைய மையங்களில் பொதுமக்களுக்கான கைவினை வகுப்பு, முழவு மாலை, மொழி வகுப்பு என்று ஏதாவது நடக்கும். ஜூன் 21 தேசிய பூர்வகுடி மக்கள் தினம். செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தினம். அன்று ஆரஞ்சுச் சட்டை போடுவது பள்ளிப் பிள்ளைகள் மூலம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது.

கோடையில் பாட்டும் முழவும் நடனமுமாகக் கூடும் பவ்வவ் விழாக்கள். பொதுவாக யாரும் போகலாம். தொடக்க ஊர்வலத்துக்கு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுங்கள். அறிவிப்பாளர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எந்த நடனத்தில் எல்லோரும் சேரலாம், எப்போது படம் எடுக்கக்கூடாது என்று அவரே சொல்வார். நடனக்காரர்கள் அணிந்திருப்பதை வேஷம், காஸ்ட்யூம் என்று சொல்லாதீர்கள். அதன் பெயர் ரெகேலியா. பல குடும்பங்களில் அதன் ஒவ்வொரு பகுதியும் யாரோ கொடுத்தது, யாரையோ நினைத்துத் தைத்தது. தொட்டுப் பார்க்கக் கூடாது. கழுகின் இறகு ஒன்று தரையில் விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், அதற்குரியவர்கள் வந்து முறைப்படி எடுப்பார்கள். அந்த நேரத்தில் கேமரா கீழே இருக்கட்டும்.

இப்படி நாலு இடத்துக்குப் போய்வந்தால் முகங்கள் பழகும். யார் யாரைச் சமூகம் மதிக்கிறது என்பது கூட்டத்தில் ஒருவர் நடந்து வரும்போது மற்றவர்கள் வழிவிடும் விதத்திலேயே தெரிந்துவிடும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பூர்வகுடி என்று பொய்யாகச் சொல்லிக்கொள்பவர்களும், காசுக்குச் சடங்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். "நீங்கள் எந்தச் சமூகம், யாரிடம் கற்றீர்கள்?" என்பது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல, உண்மையான காப்பாளர்கள் பேச்சைத் தொடங்குவதே அதைச் சொல்லித்தான். கட்டணம் கட்டினால், சூடான கற்களின் ஆவியில் சடங்கு நடக்கும் வியர்வைக் குடிலுக்குள் போகலாம் என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து விலகி இருங்கள்.

ஐந்தாம் படி: கேட்கும் முறை

அனிஷினாபே, கிரீ மக்களிடமும் இன்னும் பலரிடமும் ஓர் எல்டரிடம் எதையாவது கேட்பதென்றால் முதலில் புகையிலை கொடுக்க வேண்டும். வெற்றிலை வைத்து அழைத்த பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் இங்கே புகையிலை அழைப்பைவிடப் பெரியது. புகையிலை, ஸ்வீட்கிராஸ், சேஜ், சீடர் ஆகிய நான்கு புனித மூலிகைகளில் முதலாவது அது. படைத்தவனிடம் நம் சொல்லைக் கொண்டுசேர்ப்பது அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கையில் வாங்கும் எல்டர் உங்கள் கோரிக்கையை ஒரு கடமையாக ஏற்றுக்கொள்கிறார்.

செய்வது எளிது. உள்ளங்கை அளவு பருத்தித் துணி ஒன்றைச் சதுரமாக வெட்டுங்கள். சிவப்பு பரவலாகப் பயன்படுவது. நடுவில் ஒரு சிட்டிகை உதிரிப் புகையிலை வையுங்கள். நான்கு முனைகளையும் சேர்த்து நூலால் கட்டுங்கள். கட்டும்போது எதற்காகக் கேட்கிறோம் என்பதை மனதில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். துணி இல்லையென்றால் உதிரிப் புகையிலைப் பையாகவே கொடுக்கலாம். சிகரெட்டையும் சிலர் வாங்கிக்கொள்வார்கள் என்றாலும், ரசாயனம் சேராத புகையிலையே நல்லது. ஒன்ராறியோவில் புகையிலை வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும்.

நேரில் போய், உங்கள் பெயரையும் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொல்லுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். யார் நீ, உன் மக்கள் யார் என்பது தெரிந்த பிறகே மற்றப் பேச்சு. பிறகு புகையிலையை நீட்டிக்கொண்டே, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "நவம்பரில் எங்கள் சங்கத்தில் ஐம்பது குடும்பங்கள் கூடுகின்றன. அன்று நீங்கள் வந்து எங்களை வரவேற்று, தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்கிறோம்." அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்காமல், "யோசித்துச் சொல்கிறேன்" என்றாலோ வேறொருவரைக் காட்டினாலோ வற்புறுத்தாதீர்கள். கையில் திணிக்கவும் கூடாது, மேசையில் வைத்துவிட்டு வரவும் கூடாது. தொலைபேசியில் கேட்க நேர்ந்தால், சந்திக்கும்போது புகையிலை கொண்டுவருவேன் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. இனுயிட் மரபில் புகையிலை கொடுக்கும் வழக்கம் இல்லை. அவர்கள் நிகழ்ச்சியைத் தொடங்குவது குல்லிக் எனும் கடல்நாய் எண்ணெய் விளக்கை ஏற்றி. மேற்குக் கரையில் பல மக்களிடம் போர்வை போன்ற பரிசே முறை. மேட்டி எல்டர்களில் சிலர் புகையிலை ஏற்பார்கள், சிலருக்குத் தேயிலைப் பொதி பிடிக்கும். ஹோடனொஷோனி மக்களிடம் புகையிலைக்கு இடம் உண்டு, ஆனால் அதன் முறை வேறு. அதனால் முன்கூட்டியே நட்புறவு மையத்தையோ எல்டரின் உதவியாளரையோ அழைத்து, "இவரை எப்படி அணுகுவது முறை?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

காலம் முக்கியம். ஜூன் 21க்கும் செப்டம்பர் 30க்கும் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் அதே சில பேரைத்தான் தேடுகின்றன. மாதக்கணக்கில் முன்னதாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பிப்ரவரியில் ஒரு சாதாரணச் சனிக்கிழமைக்குக் கேளுங்கள், அதுவே மேல். பனி விழுந்திருக்கும் காலத்தில் மட்டும் சொல்லப்படும் அனிஷினாபே கதைகள் உண்டு. கோடையில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது.

ஆறாம் படி: அவர் வரும் நாள்

வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பல எல்டர்கள் உதவியாளரோடு வருவார்கள். அவருக்கும் சாப்பாடு, இருக்கை, அன்பளிப்பு உண்டு. கதவருகே குளிர் அடிக்கும் இடத்தில் உட்காரவைக்காதீர்கள். சாப்பாட்டு நேரமானால் எல்டருக்கு முதலில் பரிமாறுங்கள். வரிசையில் நிற்கவிடக் கூடாது.

மதிப்பூதியம் கட்டாயம். புகையிலை கொடுத்துவிட்டோமே என்று அதை விட்டுவிடாதீர்கள்; அது கோரிக்கைக்கு, இது அவருடைய நேரத்துக்கும் பல்லாண்டுக் கற்றலுக்கும். எவ்வளவு என்று அவரிடம் பேரம்போல் கேட்காமல், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டிருக்கும் எல்டர்களுக்கான மதிப்பூதிய வழிகாட்டியைப் பார்த்து, அதற்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பேச்சாளருக்கு நூற்றுக்கணக்கில் டொலர் கொடுக்கும் நிறுவனம் எல்டருக்கு ஒரு காபிக் கடை அட்டையை நீட்டுவது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று. பணத்தை உறையில் போட்டு அன்றைக்கே கையோடு கொடுங்கள். கணக்குப் பிரிவின் படிவங்கள் வாரக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தால், காசோலையை முன்பே எழுதி வாங்கி வைப்பது உங்கள் வேலை.

மூலிகைப் புகை போடுவதாக இருந்தால், அதாவது ஸ்மட்ஜ், கட்டட நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசிப் புகை எச்சரிக்கை மணிக்கு வழி செய்யுங்கள். விழா நடுவில் மணி அடித்து எல்டர் சங்கடப்படும்படி விடாதீர்கள். ஒன்ராறியோவின் புகையற்ற சட்டம் பூர்வகுடிகளின் சடங்குப் புகையிலைக்கு விலக்குத் தருகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி மறுத்தால் சொல்ல உதவும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஒதுங்கி நிற்கலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. சில மரபுகளில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் மூலிகைகளைத் தொடுவதோ குடிலுக்குள் போவதோ இல்லை. சில இடங்களில் பாவாடை அணியச் சொல்வார்கள். இவற்றில் எல்டர்களிடையேயே கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வாதாட வேண்டாம்.

வட்டமாக உட்கார்ந்தால், இறகோ கல்லோ கையில் இருப்பவர் மட்டும் பேசுவார். அனிஷினாபே வட்டம் கடிகார முள் திசையில் நகரும். ஹோடனொஷோனி மக்களிடம் எதிர்த் திசையில். பேச விருப்பமில்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். எல்டர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை நிரப்பப் பாய்ந்து பேசாதீர்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை. நிகழ்ச்சிநிரலில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும், நேரத்தைக் காட்டி அவரை நிறுத்தாதீர்கள். தொகுப்பாளரிடம் முன்பே சொல்லி அடுத்த பகுதியைச் சுருக்கி வைத்திருங்கள். ஒலிப்பதிவு, படம், குறிப்பெடுப்பது எல்லாம் அனுமதி கேட்டபின். பிரார்த்தனை, சடங்கு நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி நேரத்தில் நம் ஆட்கள் அடிக்கடி செய்வது, "சர்க்கரைக்கு என்ன மூலிகை?" என்று கேட்பது. அது ஆளைப் பார்த்து, புகையிலை வாங்கி, தனியே கொடுக்கப்படும் மருந்து. கூட்டத்தில் கேட்டால் பதில் கிடையாது.

ஏழாம் படி: கேட்டதை என்ன செய்வது

அனிஷினாபே எல்டர் ஜோசஃபின் மன்டமின், ஒரு செப்பு வாளியில் தண்ணீரை ஏந்தி 2003இல் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். பிறகு ஐந்து பேரேரிகளையும் சுற்றினார். தண்ணீரைக் காப்பது பெண்களின் பொறுப்பு என்று அவருக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். அதை அவர் நடந்து காட்டினார். 2019இல் அவர் காலமானதும் அனிஷினாபெக் நேஷனின் தலைமை நீர் ஆணையர் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய உறவுப் பெண் ஆட்டம் பெல்டியர் (Autumn Peltier). அப்போது வயது 14. இந்த அறிவு கைமாறுவது இப்படித்தான்: உறவு வழியாக, பக்கத்தில் நடந்து, பொறுப்போடு சேர்த்து. ஒரு மாலை நேரத்தில் கேட்ட நமக்கு அந்தப் பொறுப்பு வந்துவிடாது. நாம் கேட்டது நம் சொந்தமாகவும் ஆகாது.

அதனால் கேட்ட கதையை வேறோர் இடத்தில் சொல்ல விரும்பினால் சொன்னவரிடம் அனுமதி கேளுங்கள். சொல்லும்போது அவர் பெயரையும் அவருடைய நேஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சங்க மலரில் தமிழில் போடுவதென்றாலும் இதே விதிதான். ஸ்மட்ஜ் செய்யக் கற்றுக்கொண்டோம் என்று நீங்களே விழாவில் செய்யத் தொடங்காதீர்கள். அதற்கு உரியவரை அழையுங்கள். ஸ்வீட்கிராஸும் சேஜும் வேண்டுமென்றால் பூர்வகுடிகள் நடத்தும் கடைகளில் வாங்குங்கள். காட்டில் பறிக்கப் போகாதீர்கள். ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இன்னும் கடுமையான விதிகள் உண்டு. தங்களைப் பற்றிய தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் ஃபர்ஸ்ட் நேஷன்களுக்கே உரியவை என்ற ஓகேப் நெறிமுறையைப் படிக்காமல் ஒரு நேர்காணலும் எடுக்காதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்த வாரத்தில் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லுங்கள். அனிஷினாபே எல்டர் என்றால் "மீக்வெச்" என்று அவர் மொழியிலேயே சொல்லலாம். பிள்ளைகள் வரைந்த படம், அன்று எடுத்த அனுமதி பெற்ற புகைப்படம் இருந்தால் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தத் தேவையும் இல்லாத ஒரு நாளிலும் அழைத்துச் சுகம் விசாரியுங்கள். குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ள ஆள் வேண்டுமா, மருத்துவரிடம் போக வண்டி வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு மறுபடி கேட்பதாக இருந்தால், பழகிவிட்டோம் என்று தொலைபேசியோடு முடித்துவிடாமல், புதிதாக ஒரு புகையிலைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள்.